மருந்து தோற்ற இடத்தில் செயற்கை உயிரியை விடலாமா? யாரைக் கேட்டு?

வைகைக்கரை (மதுரை) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். நேற்று காலையிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. அதனால்தான் இந்த இழை.

முல்லர் ஹின்டன் தட்டு என்று ஒன்று உண்டு. வட்டத் தட்டில் வெளிர் வைக்கோல் நிறத்தில் கூழ் உறைந்திருக்கும். நோயாளியின் இரத்தத்திலிருந்து வளர்த்த கிருமியை அதன்மேல் பஞ்சுக் குச்சியால் பூசுவோம். பிறகு மருந்து ஊறிய காகித வில்லைகளை வரிசையாக வைப்போம். ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர்தான், சட்டைப் பொத்தானைவிடச் சிறிது. இரவு முழுக்க 35 டிகிரிச் சூட்டில் இருக்கும். காலையில் எடுத்துப் பார்த்தால், வேலை செய்யும் மருந்தைச் சுற்றி நிலா கோட்டை கட்டியது மாதிரி ஒரு தெளிந்த வட்டம் தெரியும். அந்த வட்டத்தை அளந்துதான் எந்த மருந்து கேட்கும் என்று எழுதுகிறோம்.

நேற்றைய தட்டில் ஒரு கோட்டைகூட இல்லை. மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாட்டிக் வில்லையின் விளிம்பு வரைக்கும் கிருமி ஏறி நின்றது. கிருமியின் பெயர் கிளெப்சியெல்லா. ஊசியால் தொட்டுத் தூக்கினால் வெண்டைக்காய்க் கொழகொழப்பு போல நூல் இழுபடும். யாருடைய இரத்தம் என்று சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். சின்ன வயது என்று மட்டும் சொல்கிறேன். இனி மிஞ்சியிருப்பது கொலிஸ்டின் மாதிரி ஓரிரு மருந்துதான், அதுவும் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

மதியம் சாப்பிடும்போது, மரபணுவைத் திருத்திய வைரஸ்களை வைத்து இப்படிப்பட்ட கிருமிகளைக் கொல்லும் ஆராய்ச்சி பற்றிச் சொன்னேன். உடன் வேலை செய்யும் அக்கா உடனே, "மனிதன் கைவைத்த உயிரை உடம்புக்குள் விடுவது தப்பு. திரும்பக் கூப்பிட முடியாது" என்றார். எனக்கு இரண்டு பக்கமும் இழுக்கிறது. தெரிந்தவர்கள் பேசுங்கள்.

எழில் (பெங்களூரு) எழுதியது:

வணக்கம் அக்கா. செயற்கை உயிரியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் சொல்லும் வைரஸ்களுக்கு பேஜ் என்று பெயர். பாக்டீரியாவை மட்டும் தாக்கும், மனித செல்லைத் தொடாது. இது புதிதாக முளைத்ததும் இல்லை. டெரெல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1917-இல் பெயர் வைத்தார். பிறகு அசாமில் காலராவுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். ஜார்ஜியாவின் திபிலிசியில் 1923-இலிருந்து இதற்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. ஆன்டிபயாட்டிக் வந்ததும் மேற்கு நாடுகள் பெரும்பாலும் இதைக் கைவிட்டன.

திருத்திய பேஜ் மனிதருக்கு முதன்முதலில் போனது 2018-இல். லண்டனில் ஒரு பதின்வயதுப் பெண். நுரையீரல் மாற்று அறுவைக்குப் பிறகு மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் என்ற கிருமி உடம்பு முழுக்கப் பரவிவிட்டது, எந்த மருந்தும் கேட்கவில்லை. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹாட்ஃபுல்லிடம் மாணவர்கள் மண்ணிலிருந்தும் குப்பையிலிருந்தும் சேகரித்த பேஜ்கள் ஆயிரக்கணக்கில் உறைநிலையில் இருந்தன. தேடியதில் மூன்று தேறின. அதில் ஒன்று, தென்னாப்பிரிக்காவில் அழுகிக் கிடந்த ஒரு கத்தரிக்காயின் அடிப்பக்கத்தில் கிடைத்தது. அந்த பேஜின் பெயர் மடி (Muddy). அதற்குத் திருத்தம் தேவைப்படவில்லை. மற்ற இரண்டும் கிருமிக்குள் போய்த் தூங்கிவிடும் வகை. தூங்கவைக்கும் மரபணுவை வெட்டியெடுத்துக் கொல்லும் வகையாக மாற்றினார்கள். நோய் முற்றாகப் போகவில்லை. ஆனால் ஆறு மாதத்தில் தோலில் இருந்த புண்கள் ஆறின, கல்லீரலும் தேறியது. 2019 மே மாதம் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளிவந்தது.

திரும்பக் கூப்பிட முடியாது என்று உங்கள் தோழி சொன்னதற்கு என் பதில் இதுதான்: பேஜ் பெருகுவதற்கு அதன் கிருமி வேண்டும். கிருமி தீர்ந்தால் அதற்கும் வேலை இல்லை.

நெல்வயல் (திருத்துறைப்பூண்டி பக்கம்) எழுதியது:

தம்பி எழில், கத்தரிக்காய் என்று எழுதியதும் எனக்கு வேறொரு கத்தரிக்காய் ஞாபகம் வந்துவிட்டது.

2010 தொடக்கத்தில் பிடி கத்தரிக்கு, அதாவது மரபணு மாற்றிய கத்தரிக்கு, அனுமதி கொடுக்கலாமா என்று ஏழு ஊர்களில் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். கொல்கத்தா, புவனேஸ்வர், அகமதாபாத், நாக்பூர், சண்டிகர், ஹைதராபாத், பெங்களூரு. தமிழ்நாட்டில் ஒரு ஊரும் இல்லை. நாங்கள் சில பேர் சேர்ந்து பெங்களூருக்கு ரயிலேறினோம். கூட்டத்தில் யாரோ கொடுத்த துண்டுத்தாளைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன், அந்தக் கத்தரியில் புழுவைக் கொல்லும் மரபணு மட்டும் இல்லை, கனமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் மரபணுவும் இருக்கிறது என்று. என் பெரியப்பா மகனுக்கு அப்போது மருந்துக்கு அடங்காத காசநோய். தினமும் போட்ட ஊசி கனமைசின். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு நெஞ்சு படபடத்தது. சாப்பிடும் காயில் அந்த மருந்தைத் தோற்கடிக்கிற விஷயத்தை எதற்கு வைத்தார்கள் என்று அங்கே எனக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 9 அன்று அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அனுமதியை நிறுத்தி வைத்தார். அது சரி. என் கேள்விக்கு மட்டும் இன்றுவரை பதில் வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

எழில் எழுதியது:

ஐயா, இந்தக் கேள்விக்கு முழுசாகப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஒரு செடியின் செல்களுக்குள் புது மரபணுவைச் செலுத்தினால் ஆயிரத்தில் ஏதோ சிலதுதான் ஏற்றுக்கொள்ளும். எது ஏற்றது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் புது மரபணுவோடு கனமைசினை எதிர்க்கும் மரபணுவையும் ஒட்டி அனுப்பிவிட்டு, பிறகு கனமைசினை ஊற்றுவார்கள். ஏற்காத செல் செத்துவிடும், ஏற்றது பிழைக்கும். அதாவது அது ஒரு அடையாளக் குறி. வேலை முடிந்த பிறகும் குறி செடியிலேயே தங்கிவிட்டது.

உங்கள் அண்ணனுக்கு அதனால் ஆபத்து உண்டா? காசநோய்க் கிருமி வேறு கிருமிகளிடமிருந்து மரபணு வாங்குவது கிட்டத்தட்டக் கிடையாது. அதன் சொந்த மரபணுவில் எழுத்து மாறித்தான் கனமைசினுக்கு அடங்காமல் போகிறது. செடியிலிருந்து பாக்டீரியாவுக்கு மரபணு தாவுவதும் மிக மிக அரிது. இந்தக் குறி மரபணு மண்ணில் வாழும் பாக்டீரியாக்களில் முன்பே இருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2009-இல் இதை ஆராய்ந்து தீங்கு வர வாய்ப்பு குறைவு என்றுதான் சொன்னது. ஆனால் அந்தக் குழுவிலேயே இரண்டு உறுப்பினர்கள் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். என் ஆய்வகத்தின் உறைபெட்டியில் இருக்கும் பிளாஸ்மிட்டுகளில் (மரபணுவை பாக்டீரியாவுக்குள் கொண்டுபோகும் சிறிய டி.என்.ஏ. வளையங்கள்) பெரும்பாலும் ஆம்பிசிலினையோ கனமைசினையோ எதிர்க்கும் மரபணு இருக்கிறது. எங்கள் துறையில் அது மாவரைக்க உளுந்து போடுவது மாதிரி. அமெரிக்க விஞ்ஞானி கிரெய்க் வென்டர் 2010-இல் செயற்கை மரபணுத்தொகுதியோடு முதல் பாக்டீரிய செல்லை அறிவித்தபோதும் அதைப் பொறுக்கி எடுக்க டெட்ராசைக்ளின் எதிர்ப்பு மரபணுவைத்தான் பயன்படுத்தினார்கள். தினமும் 121 டிகிரி நீராவியில் எல்லாவற்றையும் அவித்துவிட்டுத்தான் வெளியே போடுகிறோம். ஆனால் இந்தக் குறி இல்லாமல் வேலை செய்ய வழிகள் உண்டு. அவை இழுபறியானவை, நேரம் பிடிக்கும், அதனால் தவிர்க்கிறோம். உங்கள் கேள்வியைப் படித்த பிறகு அந்தச் சோம்பலுக்கு என்னிடம் நியாயம் இல்லை.

கடைத்தெரு (கும்பகோணம்) எழுதியது:

முப்பத்தெட்டு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். நீங்கள் எல்லோரும் நாளைக்கு வரப்போகிற உயிரைப் பற்றிப் பேசுகிறீர்கள். என் கல்லாவுக்கு முன்னால் நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

கொத்தனார் வேலைக்குப் போகிறவர். மூன்று நாளாகக் காய்ச்சல். பழைய அட்டை ஒன்றை நீட்டி, "இதில் ரெண்டு குடுங்கண்ணே" என்றார். செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாட்டிக். அட்டையிலேயே சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை இருக்கும். அட்டவணை எச்-1 என்று 2014 மார்ச் 1 முதல் சட்டம். சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று தனி நோட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நான் மறுத்தேன். "டாக்டர்கிட்ட போனா முந்நூறு, ஒரு நாள் கூலியும் போயிடும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அடுத்த தெருவில் கிடைத்திருக்கும்.

ரெண்டு மாத்திரை கொல்லாது, கிருமியைப் பழக்கிவிடும். பெனிசிலின் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945-இல் நோபல் உரையிலேயே இதைத்தான் எச்சரித்தார்: அளவு குறைவாகச் சாப்பிட்டால் கிருமி எதிர்ப்பைக் கற்றுக்கொள்ளும் என்று. நான் ஆரம்பத்தில், தொண்ணூறுகளில், சட்டம் தெரிந்தும் இப்படிக் கொடுத்திருக்கிறேன். எத்தனை பேருக்கு என்று கணக்கில்லை. வைகைக்கரை அம்மா சொன்ன தட்டைப் படித்ததும் அதுதான் மனதில் வந்தது. இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நெல்வயல் ஐயா, பிடி கத்தரிக்கு ஏழு ஊரில் கேட்டார்கள். ஆன்டிபயாட்டிக்கைத் தெருவில் திறந்துவிட்டபோது யாரையும் கேட்கவில்லை.

குடல்வால் (நாமக்கல்) எழுதியது:

கால்நடை மருத்துவர். கடைத்தெரு அண்ணன் சொன்னதோடு பண்ணையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொலிஸ்டின் என்று மேலே ஒரு பெயர் வந்ததே, மனிதருக்குக் கடைசி மருந்து, அதை நோய் இல்லாத கோழிக்கும் எடை கூடுவதற்காகத் தீவனத்தில் கலந்த காலம் உண்டு. சீனாவில் பன்றிகளிடம் கொலிஸ்டினை எதிர்க்கும் மரபணு, ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது, இருப்பதை 2015 நவம்பரில் அறிவித்தார்கள். இந்தியாவில் உணவுக்கான கால்நடைகளுக்குக் கொலிஸ்டினைத் தடை செய்தது 2019 ஜூலையில். இடையில் மூன்றரை வருடத்துக்கு மேல் போய்விட்டது. நான் பார்க்கும் பண்ணைகளில் தடைக்குப் பிறகு நிற்கத்தான் செய்தது. கொட்டகையைச் சுத்தமாக வைத்து, தண்ணீர்க் குழாயை ஒழுங்காகக் கழுவினாலே பாதி நோய் வருவதில்லை என்று பண்ணைக்காரர்களுக்கும் தெரிந்தது.

ஹைதராபாத் பக்கம் பட்டான்சேரு இன்னொரு கதை. மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியே விடும் நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் இருந்ததாக 2007-இல் சுவீடன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மாத்திரையை விழுங்கிய நோயாளியின் இரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. ஆலைக் கழிவில் ஆன்டிபயாட்டிக் இவ்வளவுதான் இருக்கலாம் என்று 2020 ஜனவரியில் ஒரு வரைவு விதி வந்தது. அடுத்த ஆண்டு இறுதி விதி வந்தபோது அந்த வரம்புகள் அதில் இல்லை.

தாமரை எழுதியது:

இந்த இழையைக் காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன்.

அப்பாவுக்கு மூட்டு மாற்று அறுவை. நடந்து போனவர். ஐந்தாம் நாள் காய்ச்சல், ஏழாம் நாள் ஐ.சி.யூ. ரிப்போர்ட்டில் வரிசையாக ஆர், ஆர், ஆர் என்று இருந்தது. அந்த மருந்து கேட்காது என்று அர்த்தம். அது அப்போது தெரியாது. பதினாறாம் நாள் அப்பா இல்லை.

கடைசி மூன்று நாளில் எத்தனை தாளில் கையெழுத்துப் போட்டேன் என்று நினைவில்லை. ஒன்றையும் படிக்கவில்லை. அன்றைக்கு யாராவது வந்து, மரபணுவைத் திருத்திய வைரஸ் இருக்கிறது, இதுவரை யாருக்கும் போட்டதில்லை, சம்மதமா என்று கேட்டிருந்தால் கேள்வி கேட்காமல் போட்டிருப்பேன். இன்றைக்கும் போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதைச் சம்மதம் என்று சொல்லலாமா? அந்த நிலையில் இருப்பவரிடம் கேட்பது கேட்பதாகுமா? எழில், உங்களைக் குறை சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

வைகைக்கரை எழுதியது:

தாமரை, ரொம்ப நேரம் எதையும் எழுத வரவில்லை. அந்த ஆர் எழுத்துகளை அடிக்கும் கைகளில் ஒன்று என்னுடையது. ஒவ்வொரு முறையும் இன்னொரு தடவை அளந்து பார்த்துவிட்டுத்தான் அடிக்கிறோம். இதை உங்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

எழில் எழுதியது:

தாமரை அக்கா, நேற்று இரவு முழுக்க உங்கள் கேள்விதான். என்னிடம் நேரான பதில் இல்லை. உயிர் போகிற நேரத்தில் வாங்கும் கையெழுத்தை மட்டும் நம்பி ஒரு துறை வளரக் கூடாது என்று படுகிறது. அந்தத் தாள் உங்கள் கைக்கு வரும் முன்பே, பதற்றம் இல்லாத நாளில், பலபேர் உட்கார்ந்து அதில் என்ன இருக்கலாம், என்ன கூடாது என்று பேசி முடித்திருக்க வேண்டும்.

அப்படி எங்காவது நடந்திருக்கிறதா என்று தேடினேன். 1975-இல் அமெரிக்காவின் அசிலோமரில் மரபணுவை வெட்டி ஒட்டும் ஆராய்ச்சிக்கு விஞ்ஞானிகளே கூடிக் கட்டுப்பாடு வகுத்தார்கள். எங்கள் பாடத்தில் இதைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். அதில் வந்தவர்கள் பெரும்பாலும் விஞ்ஞானிகள். அதற்கு அடுத்த வருடம் நடந்ததை யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை.

1976-இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இந்த ஆராய்ச்சிக்கென்று தனி ஆய்வகம் கட்டப் போனபோது, அது இருக்கும் கேம்பிரிட்ஜ் நகரத்தின் மேயர் ஆல்ஃபிரட் வெலூச்சி நகர மன்றத்தில் விசாரணை வைத்தார். நகர மன்றம் ஆராய்ச்சியைத் தற்காலிகமாக நிறுத்தியது. பிறகு நகரவாசிகளைக் கொண்ட ஒரு குழுவை அமைத்தார்கள். தலைவர், வீடுகளைச் சூடேற்றும் எண்ணெய் விற்ற ஒரு வியாபாரி. செவிலியர் வேலை பார்த்த ஒரு கன்னியாஸ்திரீ இருந்தார். மரபணு ஆராய்ச்சியாளர் ஒருவரும் இல்லை. மாதக்கணக்கில் உட்கார்ந்து இரண்டு தரப்பு விஞ்ஞானிகளையும் கேள்வி கேட்டார்கள். ஆராய்ச்சி நடக்கட்டும், ஆனால் இன்னின்ன நிபந்தனைகளோடு என்றார்கள். 1977 தொடக்கத்தில் அது நகரச் சட்டமானது.

அந்த நிபந்தனைகளில் ஒன்றைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். இந்தச் சோதனைகளில் உருவாகும் உயிரிகள், வழக்கமாக நோய்க்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்குகளை எதிர்க்கின்றனவா என்று சோதித்தாக வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட ஐம்பது வருடம் முன்பு, நெல்வயல் ஐயா பெங்களூரில் கேட்ட அதே கேள்வி.

நெல்வயல் எழுதியது:

தம்பி, இதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. விவரம் தெரியாதவர்கள் எதிர்க்கிறார்கள் என்று அன்றைக்கு எங்களைப் பார்த்துச் சொன்னார்கள். எண்ணெய்க்காரருக்குப் புரிந்தது எங்களுக்குப் புரியாமலா போயிருக்கும். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் போதும்.

காசநோய்க் கிருமி பற்றி நீங்கள் சொன்னதை அண்ணனிடம் சொன்னேன். அவர் இப்போது நன்றாக இருக்கிறார். ஊசியால் ஒரு காது மட்டும் மந்தம்.

இன்னும் எனக்கு ஒன்று உறுத்துகிறது. பேஜ் தானாக அடங்கும் என்கிறீர்கள். அதையும் கிருமி பழகிக்கொள்ளாதா? அடுத்து எதை உண்டாக்குவீர்கள்?

எழில் எழுதியது:

பழகிக்கொள்ளும் ஐயா. அதனால்தான் ஒன்றைத் தனியாகக் கொடுக்காமல் இரண்டு மூன்றைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அடுத்து எது என்பதற்கும் பதில் வந்துகொண்டிருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகமும் ஆர்க் ஆய்வு நிறுவனமும் சேர்ந்த குழு ஒன்று, 2025 செப்டம்பரில், செயற்கை நுண்ணறிவை வைத்து முழு பேஜ் மரபணுத்தொகுதிகளை எழுதவைத்தது. அதில் 16 உண்மையிலேயே உயிர்பெற்று ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவைக் கொன்றன. மனிதரைத் தாக்கும் வைரஸ்களின் தகவலை அந்தக் கணினிக்குக் காட்டாமலே பயிற்சி கொடுத்தார்கள். யாரும் கட்டாயப்படுத்தாமல் அவர்களே போட்ட வேலி அது. இன்னொருவர் போடாமல் விட்டால் என்ன செய்வது என்று எனக்கும் பயம் இருக்கிறது.

செய்யவே கூடாது என்று எங்கள் துறையே சொன்ன ஒன்றும் உண்டு. கண்ணாடி உயிர். எல்லா உயிர்களிலும் இருக்கும் மூலக்கூறுகளை, கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திருப்பிப் போட்டுச் செய்யும் பாக்டீரியா. அப்படி ஒன்று உண்டானால் நம் நோய் எதிர்ப்பு அதை அடையாளம் காணாமல் போகலாம், இப்போதுள்ள மருந்துகளில் பலவும் ஒட்டாது, பேஜாலும் தாக்க முடியாது. அதை நோக்கிப் போக வேண்டாம் என்று 2024 டிசம்பரில் 'சயன்ஸ்' இதழில் 38 விஞ்ஞானிகள் எழுதினார்கள். அதே பாதையில் வேலை செய்துகொண்டிருந்தவர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

குடல்வால் எழுதியது:

புதுசை எல்லாம் பேசும்போது பழைய வழியையும் விட்டுவிடக் கூடாது. சென்னை ஆர்கிட் நிறுவனத்தில் கண்டுபிடித்த, ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்துக் கொடுக்கும் என்மெட்டாசோபாக்டம் என்ற மருந்து 2024 பிப்ரவரியில் அமெரிக்க ஒப்புதல் வாங்கியது. அதற்கு உயிரைத் திருத்த வேண்டியிருக்கவில்லை.

வைகைக்கரை எழுதியது:

நல்ல செய்திதான் சார். ஆனால் என்.டி.எம். (டெல்லியின் பெயர் வைத்த, மருந்தைச் சிதைக்கும் நொதி) உள்ள கிருமிக்கு அது கேட்காது. என் தட்டில் இருந்தது அந்த வகை என்றுதான் சந்தேகம். அந்தக் கிருமிகள் இங்கே பரவியிருப்பதை 2010-இல் உலகத்துக்குச் சொன்ன 'லான்செட் இன்ஃபெக்ஷஸ் டிசீஸஸ்' இதழ்க் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர். டெல்லி என்ற பெயரை ஏன் வைத்தீர்கள் என்று நாடே கோபப்பட்டது. பெயரைப் பற்றி நடந்த சண்டையில் கிருமியைப் பற்றிப் பேச வேண்டியது தள்ளிப்போனது. 2012-இல் சென்னையில் மருத்துவர்கள் கூடி ஒரு பிரகடனம் வெளியிட்ட பிறகுதான் கொஞ்சம் அசைந்தது.

கடைத்தெரு எழுதியது:

எண்ணெய்க்காரர் தலைவராக இருந்தார் என்று படித்ததிலிருந்து ஒரு யோசனை. நம் மாவட்டம் ஒன்றில் அப்படிக் குழு போட்டால் யார் யார் வேண்டும்? தட்டு படிக்கிறவர் ஒருவர். கோழிப்பண்ணைக்காரர் ஒருவர், மருத்துவர் மட்டும் போதாது. விவசாயி. மருந்துக்கடைக்காரன் ஒருவன், நானே வருகிறேன். அந்தக் கொத்தனாரும் வேண்டும், அவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்துக் கூப்பிட வேண்டும்.

தாமரை எழுதியது:

ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருந்த ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் வருகிறேன். அந்தத் தாளில் என்ன எழுத வேண்டும் என்பதை இந்தத் தடவை முதலிலிருந்து படிக்கிறேன்.

வைகைக்கரை எழுதியது:

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மதுரைக்கு வரமுடியுமா? எங்கள் வீட்டு மாடியில் இருபது பேர் உட்காரலாம். கிருமி இல்லாத வெறும் தட்டும் வில்லைகளும் கொண்டுவந்து எப்படிப் படிப்பது என்று காட்டுகிறேன், கோட்டை கட்டிய தட்டின் படமும் கட்டாத தட்டின் படமும் இருக்கும். எழில், அந்தக் கேம்பிரிட்ஜ் நிபந்தனைகளைத் தமிழில் எழுதி எடுத்து வாருங்கள். நெல்வயல் ஐயா, உங்கள் அண்ணனையும் அழைத்து வாருங்கள்.

அந்த நோயாளி எப்படி என்று கேட்டவர்களுக்கு: கொலிஸ்டினோடு இன்னொரு மருந்தும் சேர்த்து ஓடுகிறது. இன்று காலை எடுத்த இரத்தம் மெஷினில் இருக்கிறது. கிருமி வளர்ந்தால் மணி அடிக்கும். இதுவரை மணி அடிக்கவில்லை.